பேய்க்கு மேக்கப்

"பழைய பேய் நாவலைக் குழந்தை குட்டியோட பார்க்கற நாடகமா மாத்தத்தானே சொன்னேன்?" முதல்முறையாக ஒத்திகைக்கு வந்த தயாரிப்பாளர் சலித்துக்கொண்டார். "திரையில வர்ற வீடியோ, இடிச் சத்தம் எல்லாம் சரி. ஆனா பேய்க்கு மேக்கப் ரொம்ப ஓவர். மொட்டைத் தலை, குழி விழுந்த கண்ணு... கடைசி சீன்ல பிள்ளைங்க ஓடி வந்து கட்டிப்பிடிக்கணும். இந்த மூஞ்சிகிட்ட எந்தப் பிள்ளை வரும்? கொஞ்சம் கலைச்சு விடும்மா."

மேக்கப் போடும் பெண் தலைகுனிந்தாள். பேயாக நடிப்பவளே பஞ்சை நனைத்துக் கன்னத்தை அழுந்தத் துடைத்துக் காட்டினாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"இன்னும் மேக்கப் போடலை சார்."

பேயாக நடிப்பவள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"ட்ரீட்மென்ட்ல முடி கொட்டினதிலிருந்து என் பொண்ணு என்கிட்ட வர மாட்டேங்கறா. நாளைக்கு முன் வரிசையில உட்காருவா. மத்த பிள்ளைங்க கட்டிப்பிடிக்கறதை அவ பார்க்கட்டும் சார்."