கல்சோமின் கை எட்டும் இடம்

மலேசியாவின் கிளந்தானில் வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் காலை வெயில் விழுகிறது. சுவரில் நெஞ்சுயரத்துக்குச் சேற்றுக்கறை. ஊர் வழக்கப்படி வயர்மேன் ஜூசோ கறைக்கு மேலேதான் சுவிட்சுகளுக்குப் பென்சில் கோடு போடுகிறார். சக்கர நாற்காலியிலிருந்து கல்சோம் கையை நீட்டிப் பார்க்கிறாள். எட்டவில்லை. "சுவிட்சை நான் போட்டுவிட மாட்டேனா?" என்கிறான் கணவன் அவாங். "நீங்களா? காப்பிக்கடையில உக்காந்தா ராத்திரிதான் வருவீங்க. அதுவரைக்கும் நான் இருட்டுல கிடக்கணுமா?" ஜூசோ சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். "கீழ வெச்சா வெள்ளத்துல முங்கிடும்க்கா." "முங்கட்டும் தம்பி. வெள்ளம் வருஷத்துக்கு ஒருக்காதான் வருது. இருட்டு தினமும் வருது." ஜூசோ தலையைச் சொறிகிறார். "சரிக்கா, வெள்ளம் வந்தா அந்த லைனை மட்டும் தனியா அணைக்க மேல ஒரு மெயின் சுவிட்ச் வெச்சிடறேன்." அவாங் அவரிடமிருந்து பென்சிலை வாங்குகிறான். அவள் விரல் நுனி சுவரைத் தொடும் இடத்தில், சேற்றுக்கறைக்குள்ளேயே, அழுத்தமாக ஒரு கோடு போடுகிறான்.