கும்பிடும் கன்னமும்

அறைந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள் செல்வாம்பாள்.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு விருந்துக்கு வந்திருந்த முப்பது பேரும் கூடத்தில் வட்டமாக நின்றார்கள். நடுவில் அவள் மகன் பலராமன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. அறைந்தது வீட்டு எஜமானி மதாம். பாரீசிலிருந்து அப்பாவோடு முதன்முதலாக வந்திருந்த மதாமின் பேத்தி, பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு முத்தம் கொடுத்துவிட்டானாம்.

பலராமனுக்கு வயது பதினாறு. மீசை அரும்பிவிட்டது, புத்தி மட்டும் ஆறு வயதிலேயே நின்றுவிட்டது.

செல்வாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாம் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துத்தான் நலம் விசாரிக்கிறார்கள். சின்ன வயதில் அவனை இழுத்து வைத்துக் கன்னத்தைக் காட்டிப் பழக்கியதே இந்த மதாம்தான். அதே பழக்கத்தில் நெல்லித்தோப்புக் குழாயடியில் ஒரு பெண்ணுக்கு முத்தம் கொடுக்கப்போய், போன வருஷம் தெருவே சேர்ந்து அவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தது.

அதிலிருந்து நாய் படாத பாடு பட்டு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊராருக்குக் கும்பிடு. கன்னம் சொந்தத்துக்கு மட்டும்.

தினமும் காலையில் கேட்பாள். பால்காரர்? கும்பிடு. குழாயடிப் பெண்கள்? கும்பிடு.

இன்றைக்கும் அவன் தவறவில்லை. வாசலில் நின்று அத்தனை விருந்தாளிகளுக்கும் கைகுவித்தான். கன்னத்தை நீட்டிய சீமாட்டிகளிடம்கூட இரண்டு எட்டுப் பின்வாங்கிக் கும்பிட்டான். கதவோரம் நின்று பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்தம் கொடுத்தது மூன்றே பேருக்கு. மதாமுக்கு, மதாமின் மகன் ஆந்த்ரேவுக்கு, பிறகு ஆந்த்ரேவின் மகளுக்கு. முதல் இரண்டுக்கும் கூடமே சிரித்தது.

“யார தொடலாம், யார தொடக்கூடாதுன்னு இவனுக்கு நீ சொல்லித் தர்லியா?” மதாம் கத்தினாள்.

செல்வாம்பாள் மகனின் கன்னத்தைத் தடவினாள். சிவந்து தடித்திருந்தது. பதினாறு வருஷமாக அடக்கிவைத்திருந்த வாய் அதற்குமேல் அடங்கவில்லை.

“சொல்லித்தான் குடுத்தேன் மதாம். சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் கன்னம்னு. யார் யாரு சொந்தம்னும் சொல்லிட்டேன். எம்புள்ள ஒரு தப்பும் பண்ணல.”

ஆந்த்ரே குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேசை அவிழ்த்து, மறுபடி கட்ட ஆரம்பித்தான்.