மொச்சைத் தோல்

என் வாயில் எண்டோஸ்கோபிக் குழாய் இருக்கும்போதே மருத்துவர் என் மனைவி கோமளவல்லியை உள்ளே அழைத்துத் திரையைக் காட்டினார்.

"நேத்து என்னம்மா குடுத்தீங்க?"

"ராத்திரி கஞ்சி மட்டுந்தான் சார்."

"கஞ்சி இல்லம்மா, இது மொச்சை. இந்நேரம் குடலுக்கு இறங்கியிருக்கணும். இவரு இரைப்பை மந்தம், அரைக்காம அப்படியே வெச்சிருக்கு."

திரையில், என் இரைப்பையின் சிவந்த சுவரில் இரண்டு மொச்சைகள் தோலோடு ஒட்டியிருந்தன. மகள் பூங்கோதை தன் இஷ்டப்படி மணம் முடித்துப் போன நாளிலிருந்து, அவளுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பை எங்கள் வீட்டில் வைப்பதில்லை. அவள் வீட்டில் நம்மவர் யாரும் கை நனைக்கக் கூடாது என்று உறவினர் முன்னிலையில் சொன்னவன் நான். மகளின் பேறுகாலத்துக்குக்கூடப் போகாமல், ஏழு வருடம் அந்தச் சொல்லைக் காத்தவள் கோமளம். நேற்று மாலை நான் அவள் வீட்டுக்கே போய், மொச்சைக் குழம்புக்கு இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். காலைக்குள் கரைந்துவிடும் என்று நம்பினேன்.

கண்களை மூடிக்கொண்டேன். கோமளம் என் காதருகே குனிந்தாள்.

"ஒத்தையாப் போயித் தின்னுட்டு வந்திருக்கீங்க." இன்னும் நெருங்கினாள். "பேச வேணாம், தலைய ஆட்டுங்க. அவ புள்ளைக்கு என் சாடையா?"

தலையை அசைக்க முடியாதபடி நர்ஸ் என் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தார்.