டெவனி வீட்டுக்குக் குழி

மேயோ கல்லறைத் தோட்டத்தில் தூறல் விழுகிறது. பாஸ்டனிலிருந்து வந்திருக்கும் மார்சி டெவனி, தகப்பனின் சாம்பல் பெட்டியை மார்போடு அணைத்தபடி, பாசி துடைத்த கல்லைக் காட்டுகிறாள். "நாலு தலைமுறை பின்னால போய்த் தேடிக் கண்டுபிடிச்சேன். எங்க கொள்ளுத்தாத்தா கல்லுதான் இது. அப்பாவை இவர் பக்கத்துல வெக்கணும்." அயர்லாந்தின் இந்தப் பக்கம் குழியை அக்கம்பக்கத்தார் நாங்களேதான் வெட்டுவோம், கூலிக்கு ஆள் கிடையாது. எங்கள் கூட்டத்துக்கு முன்னால் ஃபெஸ்டஸ் மண்வெட்டிப் பிடியில் மோவாயை வைத்துக்கொண்டு நிற்கிறான். "குத்தகை கட்டலேன்னு எங்க பாட்டனை நடுரோட்டுல தள்ளினான் துரை. மறுநாளே அந்த வீட்டுக்குக் குடிவந்து, அதே அடுப்புல உலை வெச்சவன் உங்காளு. அவன் செத்தப்பவும் ஊர்ல யாரும் குழி வெட்டலை அம்மணி. பெத்த பிள்ளைங்களே வெட்டிட்டுக் கப்பலேறிட்டாங்க." "அதுக்கு எங்கப்பா என்ன பண்ணுவாரு?" "ஒண்ணும் பண்ண வேணாம். பெட்டிக்குள்ளயே இருக்கச் சொல்லு." பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். மார்சி மண்வெட்டிக்குக் கை நீட்டுகிறாள். ஃபெஸ்டஸ் அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்கிறான். அவள் பெட்டியைப் புல்மேல் வைத்து, மண்டியிட்டு, கார்ச் சாவியால் ஈர மண்ணைக் கீறத் தொடங்குகிறாள். வேரில் மாட்டிச் சாவி வளைகிறது. விரலால் தோண்டுகிறாள். நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் குனியவும் இல்லை.