அடைக்கு வைத்த பதினொன்று

'அடைக்கு வச்சு இன்னியோட இருபத்தொரு நாளு. இனிமே அவ மூஞ்சியப் பாத்துக்கினே இருக்கணும்.'

காலையிலிருந்து மாணிக்கம்மாளின் மனசுக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு அடுப்புச் சாம்பலைச் சலித்தது. சலித்த சாம்பலில் வசம்புப் பொடியைக் கலந்து, தாளில் பொட்டலமாகக் கட்டினாள்.

"மாணிக்கம், பொடி ஆச்சா?" வேலிக்கு மேலே தமயந்தியின் தலை தெரிந்தது.

"ஆச்சுங்கம்மா. கோழி ரெக்கைக்கு அடியில தேச்சி, கூடை ஓரத்துல தூவுங்க. பேன் அண்டாது."

"குஞ்சுக்கு எதுவும் ஆயிடாதே?"

"குஞ்சுக்கு ஒண்ணும் ஆவாதுங்க."

சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. இந்த மூன்று வாரத்தில் அவள் தமயந்தியிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

தமயந்தியின் புருஷன் வெள்ளைச்சாமி சுரங்கத்தில் போர்மேன். மாணிக்கம்மாளின் புருஷன் பாவாடைக்கு ஷிப்ட் போடுவதும் லீவு கொடுப்பதும் அவர்தான். இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு முள்வேலி மட்டும் இருந்தது.

தை பிறந்ததும் தமயந்தி வந்து, தானும் கோழி வளர்க்கப் போவதாகச் சொன்னாள். மதுரை டவுனில் பிறந்தவள். கோழியைக் கறிக்கடையில் பார்த்ததோடு சரி. மாணிக்கம்மாள் தன் அடைக்கோழியைத் தூக்கிக் கொடுத்தாள். தன் கோழிகள் அந்த வாரம் இட்ட பதினோரு முட்டையையும் கொடுத்தாள்.

கொடுத்ததோடு விடவில்லை. கூடையில் மணல் பரப்பி அதன்மேல் வைக்கோல் போடச் சொன்னாள். தினம் ஒரு வேளை கோழியை இறக்கிக் கம்பும் தண்ணீரும் காட்டி, முட்டை ஆறுவதற்குள் ஏற்றிவிடச் சொன்னாள். சுரங்கத்தில் வெடி வைக்கிற அதிர்ச்சியில் முட்டை கலங்காமலிருக்க, கூடைக்குள் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடச் சொன்னாள்.

தமயந்தி அடுப்புக்கரிக்குப் பதிலாகப் பழுப்பு நிலக்கரியில் ஒரு துண்டைப் போட்டாள். "எல்லாம் கரிதானே மாணிக்கம்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை மாணிக்கம்மாளுக்குத் தெரியும். கார்த்திகையில் இதே வேலியோரம் நின்று அவள் இப்படித்தான் சிரித்தாள்.

அப்போது மாணிக்கம்மாளிடம் ஒரு சேவல் இருந்தது. அந்த பிளாக்குக்கே ஒற்றைச் சேவல் அது. சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்தபோது அவள் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்த கோழி பொரித்த குஞ்சு. உள்ளங்கையில் நொய் வைத்து அவள் வளர்த்தது. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் படுக்கிற வெள்ளைச்சாமிக்கு அது கூவுவது பிடிக்கவில்லை.

"அடிச்சுக் கொழம்பு வச்சிடு" என்றாள் தமயந்தி. "ஆத்தாடி, ஒரு சேவலுக்கு இவ்வளவு யோசனையா? அது என்ன முட்டையா போடுது?"

"பகல்ல கூடை போட்டுக் கவுத்துடறேங்கம்மா."

"கவுத்துட்டா கூவாதா?"

அந்த வாரம் பாவாடைக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட் விழுந்தது. அடுத்த வாரமும் விழுந்தது. மூன்றாவது வாரம் பாவாடையே அரிவாள்மணையை எடுத்தான். அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ரசம் விட்டுச் சாப்பிட்டார்கள். தமயந்தி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியில்தான் குழம்பு போயிற்று. மறுநாள் சட்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "கறி கொஞ்சம் முத்தல்" என்றாள் தமயந்தி.

அந்த ஒரு சொல்லைத்தான் மாணிக்கம்மாள் இத்தனை நாளும் அடைகாத்தாள்.

இருபத்தொன்று போயிற்று, இருபத்திரண்டும் போயிற்று. ஆளுக்கு இரண்டு குஞ்சு தருவதாகச் சொல்லி தமயந்தி அழைத்திருந்த தெருப் பெண்கள் கூடையைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். மறுநாள் காலை தமயந்தி ஒரு கையில் கோழியும் ஒரு கையில் உடைந்த முட்டையுமாக வேலியோரம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஒண்ணுகூடப் பொரிக்கல. எல்லாத்தையும் ஒடச்சுப் பாத்துட்டேன், உள்ள ஒண்ணுமே இல்ல. எதிர்வீட்டு கஸ்தூரி தெரு பூரா சொல்லிச் சிரிக்கிறா, மாணிக்கம்."

மாணிக்கம்மாள் அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பிய அன்றைக்குத் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. தோன்றியும் மனசு இளகவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

"நிலக்கரி வச்சதாலயா?"

"இல்லைங்க."

"முந்தாநேத்து பெரிய வெடியா வச்சாங்களே, அதனாலயா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"அப்ப கோழி சரியா உக்காரல."

"கோழி மேல பழி போடாதீங்க. அது எளைச்சுப் போற அளவுக்கு உக்காந்துருக்குது."

வேலிக்கு மேலே கையை நீட்டிக் கோழியை வாங்கிக்கொண்டாள். பாதி எடைகூட இல்லை. இடுப்பில் அணைத்துக்கொண்டு, அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"சரி, இன்னொரு பதினோரு முட்டை குடு" என்றாள் தமயந்தி. "இந்தத் தடவை அடுப்புக்கரியே போடுறேன். நீ சொன்னபடிக்கே செய்யுறேன்."

"குடுக்க மாட்டேங்கம்மா."

அந்த வேலியோரம் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது இதுவே முதல் தடவை. தமயந்தி திகைத்துப் போனாள்.

"ஏன்?"

மாணிக்கம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"முட்டை பொரிக்கணும்னா சேவல் இருக்கணுங்க. ஐயா தூங்கட்டும்."