சனிக்கிழமை வகுப்பு

மதுரையிலிருந்து கல்லூரி அட்மிஷன் ஆபீஸ் பெண் போன் செய்தபோது நான் மில்லின் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கேன்டீனில் உட்கார்ந்தால் பிரவின்குமாரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு இந்த வெயிலே தேவலை.

பிரவின்குமாருக்கு இருபத்தேழு வயது. அவன் மேல் தப்பில்லை, நல்ல பையன்தான். போன மாதம் அவனை எனக்கு மேலே மேனேஜராகப் போட்டார்கள். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள்.

எம்பிஏ படித்திருக்கிறானாம். அதுதான் காரணம்.

அருப்புக்கோட்டைக்கு வெளியே இருக்கும் இந்த நூல் மில்லில் நான் பதினெட்டு வருடமாக மெயின்டனன்ஸ் இன்ஜினியர். இருளப்பசாமி இல்லையென்றால் மில் ஓடாது என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்வார்கள். அதைக் கேட்டு உச்சி குளிர்ந்து பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

சரி, அந்த எழவைப் படித்துத் தொலைப்போம் என்று முடிவு செய்தேன். தபாலில் படித்தால் முதலாளி மதிக்கமாட்டார். வேலையை விட்டுவிட்டுப் படிக்க எனக்கு வசதியில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கென்று சனி, ஞாயிறு வகுப்பு நடத்துகிறார்கள். இடமும் கிடைத்தது. சேர்ந்துவிடுங்கள், இந்த மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு தினமும் வீட்டுக்கு வராமல் இருந்தால் சரி என்றாள் என் மனைவி முருகலட்சுமி.

சனிக்கிழமை லீவுதான் கிடைக்கவில்லை.

எங்கள் ஜிஎம் சௌந்தரிடம் மூன்று முறை கேட்டேன். முதல் முறை தோளில் தட்டிக்கொடுத்தார். அடுத்த முறை டீ வாங்கிக்கொடுத்து, இவ்வளவு அனுபவம் உள்ளவருக்கு இந்த வயதில் படிப்பு எதற்கு என்றார். போன வாரம், நான் என்ன எம்பிஏ படித்துவிட்டா இந்த நாற்காலிக்கு வந்தேன் என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இன்றைக்குள் பதில் வேண்டும் என்றாள் கல்லூரிப் பெண். லீவு தரமாட்டேன் என்கிறார்களே என்றேன்.

முன்பு கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் இருந்துகொண்டே படித்து முடித்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டுவிடலாம் என்றாள். நான் சரியென்பதற்குள் அவரையும் லைனில் சேர்த்துவிட்டாள்.

அவர் ஹலோ என்றார். நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன்.

நான் கூச்சப்படுவதாக நினைத்து அவளே எனக்காகக் கேட்டாள். ஒரு மில் இன்ஜினியர் லைனில் இருக்கிறார், படிக்க ஆசைப்படுகிறார், சனிக்கிழமை விடமாட்டேன் என்கிறார்களாம், என்ன செய்யலாம் சார் என்றாள்.

மனிதர் உற்சாகமாகிவிட்டார். இந்தப் படிப்பு மட்டும் இல்லையென்றால் நானும் இன்னும் கிரீஸ் கையோடுதான் திரிந்துகொண்டிருப்பேன் என்றார். கண்ணை மூடிக்கொண்டு சேரச் சொன்னார். பிறகு லீவு விஷயத்துக்கு வந்தார்.

"கேட்டீங்கன்னா விடமாட்டாங்க சார். நானே விடலயே. எங்கிட்ட ஒருத்தரு இருக்காரு, கெட்டிக்காரரு, மூணு தடவ வந்து கேட்டாரு. அவரும் படிச்சு மேல வந்துட்டா மெஷின யாரு பாக்குறது? நல்லாப் பேசி அனுப்பிட்டேன். அதனால நீங்க கேக்காதீங்க. போறேன்னு சொல்லிட்டுப் போயிருங்க."

கையில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆள் எதிரே நின்றிருந்தால் டிபன் பாக்ஸை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

புரிந்ததா சார் என்று அவள் என்னிடம் கேட்டாள். நன்றாகவே புரிந்தது.

"சௌந்தர் சார், இருளப்பசாமி பேசுறேன். நீங்க சொன்ன மாதிரியே இனிமே கேக்கல. வர்ற சனிக்கிழமை மதுரைக்குப் போறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை.

கடைசியில் அந்தப் பெண்தான் பேசினாள். நீங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே பழக்கமா சார் என்று கேட்டாள்.