ரெண்டு கட்டை கீழே

"இன்னிக்கும் சுருதிய ரெண்டு கட்டை எறக்கணுமா?"ன்னு கேட்டா ட்ரேசி. அந்த ராக் குழுவுல கிட்டாருக்கெல்லாம் சுருதி சேக்குறது அவ வேலை. சேந்து ஒரு வாரம்தான் ஆகுது.

"எறக்கும்மா தாயே! இல்லன்னா நம்ம ஐயா மேடையில சேவலா கூவுவாரு"ன்னு சிரிச்சான் டெரிக். பேஸ் கிட்டார் அவன்.

பாடகர் கிளைவ் டீய உறிஞ்சிக்கிட்டு இருந்தாரு.

இவங்க குழுவோட ஒரு பாட்டு, ஒரு காலத்துல இங்கிலாந்து பூரா மொத எடத்துல நின்னது. பல்லவியில கிளைவும் டெரிக்கும் சேந்து பாடி உச்சிக்குப் போனா, கூட்டமே கூட ஏறும். இப்ப ஏறுறதில்ல. கிளைவுக்குத் தொண்டை போச்சு, கடையக் கட்டலாம்னு பத்திரிகைக்காரன் எழுதிட்டான். இன்னிக்கு சொந்த ஊரு ஹல்லுல கச்சேரி. இங்கயும் கூட்டம் கூச்சல் போட்டு மேடைய விட்டு எறக்கிட்டா மானம் போச்சு.

கொரலு வரலன்னா இந்த மனுசன் வீட்ல கெடக்க வேண்டியதுதானேன்னு ட்ரேசிக்குக் கடுப்பு.

டெரிக் சிப்ஸ் வாங்கப் போனான். காலி மண்டபம். கிளைவ் கிட்டார வாங்கி, தானே திருகி, பழைய சுருதிக்கு ஏத்துனாரு. கண்ண மூடிக்கிட்டுப் பாடுனாரு.

உச்சி வந்துச்சு. வந்துச்சா? அடேயப்பா, கூரையப் பிச்சிக்கிட்டுப் போச்சு! ட்ரேசிக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. வாய் தொறந்தது தொறந்தபடி நின்னா.

"இத வெச்சிக்கிட்டா கிளைவ், ஊருகிட்டப் பேச்சு வாங்குறீங்க?"

அவரு வாயத் தொறக்குறதுக்குள்ள டெரிக் வந்துட்டான், கன்னம் நெறைய சிப்ஸோட. கிட்டார் கம்பிய ஒரு தட்டு தட்டுனான்.

"பழைய சுருதியா? ஆசையப் பாரு கெழவனுக்கு! வாடா, ஒரு தடவ முக்கிப் பாப்போம்."

ரெண்டு பேரும் ஒரே மைக்குல தலைய முட்டிக்கிட்டுப் பாடுனாங்க. உச்சிக்குப் போறப்ப ஒரு கொரலு கீச்சுன்னு ஒடஞ்சுச்சு.

பக்கத்துலயே நின்ன ட்ரேசிக்கு நல்லாவே கேட்டுச்சு. ஒடஞ்சது டெரிக்கோட கொரலு.

டெரிக் மொகம் லேசா வெளுத்துச்சு. அதுக்குள்ள கிளைவ் தன் தொண்டையப் புடிச்சிக்கிட்டு லொக்கு லொக்குன்னு இருமுனாரு.

"சனியன், இன்னிக்கும் நான்தான் கவுத்துட்டேன். மன்னிச்சுக்கடா டெரிக். ட்ரேசி, எறக்கிரும்மா."